பள்ளம் எடுக்கிறவர்

நசுங்கிய மோட்டார் வண்டியைத் தொடுவதற்கு முன் அரை மணி நேரம் அதை வெயிலில் போட்டுவிட்டுப் பூதத்தான் எதிர் நிழலில் குந்திக்கொள்கிறார். டிரைவர் யாராவது அவசரப்பட்டால், கண்ணைத் திறக்காமலே பதில் வருகிறது: "பெயிண்டு குளுந்து கெடக்கு தம்பி. இப்பம் தள்ளுனா சில்லுச் சில்லா உதிந்துரும். சூடு ஏறட்டும்." பிறகு எழுந்து போய்ப் புறங்கையைத் தகரத்தின்மேல் வைத்துப் பார்க்கிறார். போதாதென்றால் மறுபடியும் நிழலுக்கே வந்துவிடுகிறார்.

அவரிடம் சுத்தியல் கிடையாது. பழைய லாரியின் வில்பட்டையைக் காய்ச்சி வளைத்த நான்கு இரும்புக் கம்பிகள் ஒரு கோணிப்பையில் இருக்கின்றன. நுனியில் தாராவித் தோல் கிடங்கில் பொறுக்கிய துண்டுத் தோலைச் சுற்றியிருக்கிறார். சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மட்கார்டுக்குள் ஒரு கையை விட்டு, நசுங்கிய இடத்தைப் பின்னாலிருந்து மயிரிழை மயிரிழையாகத் தள்ளுகிறார். கண் மட்டும் வெளிப்பக்கம். தலைக்கு மேலே போகும் மின்சாரக் கம்பி கறுப்புப் பெயிண்டில் தெரிகிறது; பள்ளம் இருக்கும் இடத்தில் வளைந்து தெரிகிறது. அந்த வளைவு நிமிர்ந்தால் வேலை முடிந்தது. சரியாகிவிட்டது என்பதற்கு, "பராபர்" என்று ஒரே பம்பாய்ச் சொல். பெயிண்டில் ஒரு கீறலும் இருக்காது.

உலகச் சண்டை ஆரம்பித்ததிலிருந்து பம்பாயில் நல்ல மோட்டார் பெயிண்ட் கிடைப்பதில்லை. அதனால் பூதத்தானுக்குக் கிராக்கி. ஆனால் அவரைத் தேடி வருகிறவர்கள் வண்டியின் சொந்தக்காரர்கள் அல்லர், டிரைவர்கள். எஜமானுக்குத் தெரியாமல் இடித்ததை எஜமானுக்குத் தெரியாமல் சரிசெய்ய வருகிறவர்கள். ஆகவே அவருடைய வேலை நன்றாக அமைந்தால் அது நடந்ததே யாருக்கும் தெரியக்கூடாது. தாதரிலோ மாட்டுங்காவிலோ அவரை எதிரே கண்டால் டிரைவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பள்ளம் எடுக்கிறவனோடு பேசுகிறவனுக்கு ஒரு பள்ளம் இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. இருபது வருஷமாக இந்த நகரத்தில் இருக்கிற மனிதருக்குத் தெருவில் ஒரு வணக்கம் கிடையாது.

அவர் கையில் மந்திரம் இருப்பதாக ஒரு பேச்சும் உண்டு. இனிமேல் இடிபடாமல் இருக்க வண்டியில் கட்டவேண்டும், ஓதிக் கொடுங்கள் என்று ஒருவன் எலுமிச்சம்பழத்தை நீட்டினான். "ஓதுனா தகரம் நிமிருமாவே? இதத் தண்ணியில பிழிஞ்சு குடியும். ரோட்டப் பாத்து ஓட்டும்" என்றார். அன்றைக்குத்தான் நான் அவரைச் சிநேகம் பிடித்தேன். ஊர் எது என்று கேட்டேன். "பாளையங்கோட்டைக்குக் கெழக்க." குடும்பம்? "இருந்தாவ."

நான் குடியிருக்கும் மாடியிலிருந்து பார்த்தால் சட்ட ஆலோசகர் வெங்கடராமன் வீட்டின் பின்சந்து தெரியும். சென்ற சனிக்கிழமை, மாட்டுங்கா மார்க்கெட்டில் அவருடைய வண்டியின் மட்கார்டில் ஒரு தேங்காய் மூட்டை சரிந்து, உள்ளங்கையகலப் பள்ளம் விழுந்துவிட்டது. பெட்ரோல் ரேஷன் காலம். வண்டியை வெளியே கொண்டுபோனால் மைல்மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். ஞாயிறு மத்தியானம், எஜமான் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில், டிரைவர் சலாவுதீன் பூதத்தானைச் சந்துக்கே அழைத்து வந்திருந்தார். நான் இறங்கிப்போய் எங்கள் கட்டட வாசலில் நின்றேன்.

"அண்ணாச்சி, மூணு மணிக்கு முழிச்சிருவாரு. முந்தி இருந்த டிரைவர வெளக்குக் கண்ணாடி ஒடஞ்சதுக்கே அனுப்பிட்டாரு. வேல போனா நாங்க இருக்க மோட்டார் கொட்டகையும் போச்சு. எம் பொஞ்சாதி சைனப்புக்கு எட்டாம் மாசம்."

"பக்கெட்ட வச்சு அந்தப் பக்கம் தொடச்சிக்கிட்டு இரி. நீ பேசுனா எனக்குக் கை ஆடுது."

இரண்டே முக்காலுக்கு எஜமான் வீட்டுப் பின்கதவு திறந்தது. பூதத்தான் அப்போதுதான் கம்பியை உருவிக் கோணிக்குள் போட்டிருந்தார்.

"யாருடா அவன்? வண்டியைத் தொட்டுண்டு உக்காந்திருக்கான்!"

பூதத்தான் எழுந்து கைகூப்பினார். "வெயிலு தாங்கல சாமி. வண்டி நெழல்ல சித்த நேரம் ஒக்காந்தேன்." என்னை ஒரு நாளும் 'சார்' என்றுகூடச் சொல்லாத மனிதர்.

"தாராவிச் சேரிதானே? பாத்தாலே தெரியறதே. சலாவுதீன், நீ என்ன வேடிக்கை பாத்துண்டு நின்னே? விரட்ட மாட்டியோ?"

"ஏலேய், போ அந்தால!" என்றார் சலாவுதீன். குரல் உடைந்திருந்தது. அது எஜமான் காதில் விழவில்லை.

சந்தின் குறுக்கே அவர்களை நோக்கிக் காலை எடுத்து வைத்தேன். பூதத்தான் என்னைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல், தலையை லேசாக ஆட்டினார். வேண்டாம். நான் நின்றுவிட்டேன். உண்மையைச் சொன்னால் தெருவுக்கு வரப்போவது வெங்கடராமன் அல்ல, சைனப். ஒரு மனிதன் கௌரவமாக மூச்சு விடுவதற்கு இன்னொரு மனிதன் பொய் சொல்லிக் கும்பிட வேண்டியிருக்கிற ஊரில், உண்மை பேசு என்று பள்ளிக்கூடத்தில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

"அவன் தொட்ட இடத்தை நன்னா அலம்பு" என்று உத்தரவாயிற்று. அமெரிக்காவில் அந்தத் தகரத்தை அடித்தவன் என்ன சாதி, கப்பலிலிருந்து அதை இறக்கியவன் என்ன சாதி என்று வெங்கடராமன் எந்தச் சாஸ்திரத்தில் பார்த்தாரோ! அலம்புகிறவர் முஸ்லிம்; அதில் தோஷமில்லையாம். சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் கைக்கு மட்டும் தீட்டு தள்ளுபடி போலிருக்கிறது.

சலாவுதீன் தண்ணீர் ஊற்றித் துடைத்தார். வெங்கடராமன் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒரு சாண் தூரத்தில் குனிந்து, சரியாக அந்த இடத்தையே பார்த்தார். இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். கையிலிருந்த பக்கெட்டின் தண்ணீர் விளிம்பில் அலம்பிச் சலாவுதீன் காலில் கொட்டிக்கொண்டிருந்தது.

"ம். இப்பத்தான் புதுசாட்டம் இருக்கு" என்று சொல்லிவிட்டு வெங்கடராமன் உள்ளே போனார்.

சலாவுதீன் திரும்பிப் பார்க்காமல் கொட்டகைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். சந்து காலியாயிற்று. முனையில், சுவரோரமாக, விரட்டப்பட்ட பூதத்தான் இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தார். வண்டியை ஒரு முறை பார்த்தார். பிறகு கோணிப்பையைக் கீழே வைத்துவிட்டு, வலது கையைத் தூக்கித் தன் இடது தோளில் தானே இரண்டு தடவை தட்டிக்கொடுத்துக்கொண்டார்.