ஏழு இட்லி ஆட்டம்

டிரில் டீச்சர் வேலை பார்க்கும் சகோதரிகளுக்கு நான் சொல்லவே வேண்டாம். பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது நம் பீரியட்தான். எந்த ஜன்னல் உடைந்தாலும் முதலில் விசாரிக்கப்படுவதும் நாம்தான். மதராஸில் கல்லூரிக் கூடைப்பந்து டீமுக்கு நான் கேப்டன். கோப்பையோடு போட்டோவெல்லாம் உண்டு. அதை நம்பி, செஞ்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் டெம்பரவரியாகச் சேர்த்துக்கொண்டார்கள். தலைமையாசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார்: இந்த வருஷம் வெளியூரில் ஓர் ஆட்டமாவது ஜெயித்தால் வேலை நீடிக்கும், இல்லாவிட்டால் மைதானத்தில் தையல் வகுப்புக்குக் கொட்டகை.

அடியில்லாத கூடை

கூடைப்பந்து வளையம் செய்யக் கொல்லரிடம் போனேன். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுகிறவர். மண்ணில் விரலால் வட்டம் போட்டுக் காட்டினேன். தொங்கும் வலைக்கு அடி இருக்காது என்றதும் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டார். வளையத்தைத் தானே வந்து மாட்டினார். நான் போட்ட பந்து வலைக்குள் நுழைந்து கீழே விழுவதை நாலு முறை உற்றுப் பார்த்தார்.

"கஷ்டப்பட்டு மேல போடறீங்க. அது பாட்டுக்குக் கீழ வந்துடுது. இதுல இன்னாமா லாபம்?"

மெல்லிய குரல்

எனக்குக் குரல் எழும்பாது. விசில் இருக்கிறது, ஆனால் "இடது பக்கம் போ" என்று விசிலில் ஊத முடியுமா? என் தாத்தா கதை சொல்லும்போது முக்கியமான இடம் வந்தால் குரலைத் தாழ்த்துவார். நாங்கள் நெருங்கி உட்காருவோம். அதையே செய்து பார்த்தேன். பெண்கள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையோடு தலை முட்ட என்னைச் சூழ்ந்து நின்றார்கள். ஜன்னல் வழியாக இதைக் கவனித்த தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"டிரில் டீச்சர்னா தெருக்கோடி வரைக்கும் கேக்கணும். நீங்க என்னம்மா, மாமியாரைப் பத்திப் பேசற மாதிரி பேசறீங்க?"

பரணுக்குப் பறந்த கோணி

டீமில் நாலு பேர்தான் தேறினார்கள். ஐந்தாவது ஆளைக் கண்டுபிடித்தது ஒரு வேர்க்கடலை மண்டியில். எங்கள் ஒன்பதாம் வகுப்பு விமலா, அப்பாவின் மண்டியில் காலிக் கோணிகளைச் சுருட்டிப் பரண்மேல் எறிந்துகொண்டிருந்தாள். கோணி போய் விழுவதற்குள் அடுத்ததைச் சுருட்டத் திரும்பிவிடுவாள். ஒன்றுகூடத் தவறவில்லை. கடலை வாங்க வந்ததை மறந்து, அவள் அப்பாவிடம் பெண்ணைக் கேட்டேன். அவர் ஜைனர், ஊரில் நைனார் என்பார்கள். கடலையை அளந்துகொண்டே சொன்னார்.

"ஆடட்டும்மா. ஆனா பொழுது சாஞ்சா எங்களுக்குச் சாப்பாடு கெடையாது. அதை மட்டும் கெடுத்துடாதீங்க."

பொழுது சாய்வதற்குள்

திண்டிவனத்தில் மூன்று மணி ஆட்டம். எதிர் டீமின் பஸ் வழியில் நின்றுபோய், தொடங்கும்போதே ஐந்தரை. இடைவேளையில் பார்த்தால் வெயில் மஞ்சளாகிவிட்டது. நைனாருக்குக் கொடுத்த வாக்கு நெஞ்சில் இடித்தது. விமலாவின் தூக்குப் பாத்திரத்தை நானே திறந்து, "சீக்கிரம், சீக்கிரம்" என்று அதிலிருந்த ஏழு இட்லியையும் சாப்பிட வைத்தேன். டீச்சர் சொன்னால் மறுபேச்சு பேசாத பெண்.

அப்புறம் அவளால் ஓட முடியவில்லை. மாற்று ஆளும் இல்லை. "டீச்சர், மூச்சு முட்டுது" என்று ஓர் ஓரமாக நின்றுவிட்டாள். என் வேலை போயிற்று என்றே முடிவு கட்டினேன். மற்ற நாலு பேரும் வேறு வழியில்லாமல் பந்தை அவளிடமே வீசினார்கள். நகராத பெண்ணை எதிர் டீம் கண்டுகொள்ளவில்லை. அவள் நின்ற இடத்திலிருந்தே கோணியை எறிவது போல் எறிந்தாள்; பந்து வளையத்துக்குள் விழுந்துகொண்டே இருந்தது. கடைசி விசிலில் ஒரு கூடை வித்தியாசத்தில் ஜெயித்தோம். மகளை அழைத்துப் போக வந்து, ஓரமாக நின்று ஆட்டம் பார்த்த நைனாரிடம், வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"ஆட்டத்து நடுவுல யாருமா ஏழு இட்லி ஊட்டுவாங்க? பொழுது சாஞ்சா காலையில சாப்பிட்டிருப்பா, அவ்வளவுதானே!"

வேலை நீடித்தது. எந்தப் பயிற்சியால் ஜெயித்தோம் என்று தலைமையாசிரியை கேட்கும்போதெல்லாம், நான் குரலை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறேன்.