வாய்ஸ் மெசேஜில் போன பேர்

திருவொற்றியூரில் சொந்தமாக வக்கீல் போர்டு மாட்டிய முதல் நாள். புது நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை, ஸ்டெல்லா அக்கா உள்ளே வந்துவிட்டார். காசிமேட்டில் மீன் எடுத்து எங்கள் மார்க்கெட்டில் இருபது வருஷமாக விற்பவர். போனை மேஜையில் வைத்து ஒரு வாய்ஸ் மெசேஜை ஓடவிட்டார்.

"ஸ்டெல்லா கைல யாரும் மீன் வாங்காதீங்க. மருந்து அட்ச்சி விக்கிது. கொழம்பு வெச்சா வூடே நாறுது."

பேசியது மரியதாஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர், அக்காவின் பழைய வாடிக்கை. ஏரியா வாட்ஸ்அப் குரூப்பே அதைக் கேட்டுவிட்டது. ஒரு கல்யாண வீட்டு ஆர்டரும் கைநழுவிப் போயிருந்தது.

"பதிலுக்கு நானும் பேசி வெச்சிகிறேன், வக்கீலம்மா. அந்தாளு வண்டவாளம் பூரா இதுல கீது. அனுப்பட்டா?"

"அனுப்பாதீங்க. அப்புறம் அவர் உங்க மேல அவதூறு கேஸ் போடுவாரு." அடுத்து, கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்டேன். "மீன் கெடாம இருக்க மருந்து அடிச்சீங்களாக்கா?"

அக்கா எழுந்துவிட்டார். "நீயுமா கேக்குற?"

"கோர்ட்டும் கேக்கும்க்கா. ஊர் நன்மைக்காக உண்மையைச் சொன்னா அது அவதூறு ஆகாது. அவர் சொன்னது பொய்னு நாம காட்டணும்."

மறுநாளே அக்கா கடை மீனை லேபுக்கு அனுப்பினோம். மருந்து எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. வாய்ஸ் மெசேஜ், ஆர்டரை ரத்து செய்த மெசேஜ் எல்லாவற்றையும் தேதி, நேரத்தோடு பத்திரப்படுத்தினேன். மன்னிப்பும் நஷ்டஈடும் கேட்டு நோட்டீஸ் போனது.

ஒரு வாரத்தில் மரியதாஸ் மனைவியோடு என் ஆபீசுக்கு வந்தார். ஸ்டெல்லா அக்காவும் இருந்தார். "கோர்ட்டு கீர்ட்டுன்னா பேஜாரு வக்கீலம்மா. மீன் நாறுச்சு, சொன்னேன்."

மனைவி பிலோமினாவுக்குப் பொறுக்கவில்லை. "மீன் இன்னா பண்ணும்? வெயில்ல வண்டிப் பொட்டில போட்டு மறந்துட்ட. சாயங்காலம் நான்தான் எடுத்தேன். வீணாக்காத, கொழம்பு வையின்னு சொன்னதும் நீதான்!"

முதலில் சிரித்தது ஸ்டெல்லா அக்கா. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

நான் நஷ்டஈட்டுப் பேச்சை எடுத்தேன். அக்கா கையமர்த்தினார். "துட்டு வாணாம். எந்த குரூப்புல சொன்னாரோ அதே குரூப்புல, அவரு வாயால சொல்லட்டும்."

'தவறு நடந்திருக்கலாம்' என்று நான் எழுதிக் கொடுத்தேன். அக்கா விடவில்லை. "இன்னாமா 'லாம்'? நடந்துச்சா, இல்லியா?" அதை அடித்து 'நடந்தது' என்று திருத்தினேன். மரியதாஸ் மூன்று முறை படிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்; நாலாவது முறை நான் எழுதியதை ஓரமாக வைத்துவிட்டு, குரூப்புக்குத் தானே பேசினார்.

"ஸ்டெல்லா மீன்ல ஒரு கொறையும் இல்ல. வெயில்ல மறந்து வெச்சது நானு. பழிய அவங்க மேல போட்டேன். மன்னிச்சுக்கோங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கடையில் கூட்டம் தெருவரைக்கும் நின்றது. கல்யாண வீட்டாரும் திரும்பி வந்தார்கள்.

சட்டக் கல்லூரியில் நான் கற்றது நஷ்டஈடு கேட்க. எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் என் முதல் கட்சிக்காரர். இன்றுவரை என் அவதூறு நோட்டீஸ்களில் முதல் கோரிக்கை இதுதான்: எங்கே சொன்னீர்களோ அங்கேயே, கேட்டவர்கள் அத்தனை பேரும் கேட்க, மாற்றிச் சொல்லுங்கள்.