சாக்கடை அக்காவின் ஏழு வட்டங்கள்

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் அவளைச் சாக்கடை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. கண்ணாடிச் சாமான் கழுவச் சேர்ந்தவள். பக்கத்து மேசைகளைப் பார்த்துப் பார்த்தே பாக்டீரியா வளர்க்கக் கற்றுக்கொண்டாள். தையல்காரரான அவள் கணவர் வருகிறவர்களிடமெல்லாம், "என் பொண்டாட்டி சாக்கடையில முத்துக் குளிக்கிறா" என்பார். கிண்டல் பாதி, பெருமை பாதி.

அவள் தேடுவது ஃபேஜ். பாக்டீரியாவை மட்டும் கொல்லும் வைரஸ். ஒவ்வொரு ஃபேஜும் தனக்கென்று அமைந்த பாக்டீரியாவைத்தான் பிடிக்கும். பாக்டீரியா மலிந்த இடத்தில் அதுவும் இருக்கும். அதனால்தான் சாக்கடை.

அந்த முறை ஒரு தபால்காரரின் கால். விபத்தில் முறிந்த எலும்பில் சீழ் பிடித்து, எந்த ஆன்டிபயாடிக்குக்கும் மசியவில்லை. "பத்து நாள் பார்க்கலாம். அதுக்கு மேல காலை எடுத்துட வேண்டியதுதான்" என்று சர்ஜன் சொல்லிவிட்டார்.

வார்டுக்குப் பின்னால் கழிவுநீர் தேங்கும் வளைவில் அக்கா தண்ணீர் முகந்தாள். வடிகட்டி, தபால்காரரின் புண்ணில் எடுத்த பாக்டீரியாவோடு சேர்த்து, பாக்டீரியா வளர உதவும் அகார் கூழை உருக்கி, அதில் கலந்து தட்டுகளில் ஊற்றினாள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தட்டில் மட்டும் சாக்கடைத் தண்ணீர் சேர்க்கவில்லை. ஃபேஜ் இருந்தால், மறுநாள் பாக்டீரியா வளர்ந்த வெண்படலத்தில் அங்கங்கே தெளிந்த வட்டங்கள் விழும்.

மறுநாள் எல்லாத் தட்டுகளுமே வெண்படலம் இல்லாமல் பளிச்சென்று இருந்தன.

"அக்கா! ஒண்ணு விடாம தின்னுடுச்சு!" கூடத்துக்குப் பொறுப்பான டாக்டரம்மா சர்ஜனைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டார்.

"போனை வைங்கம்மா. தண்ணி சேர்க்காத தட்டும் காலியா இருக்கு பாருங்க. ஃபேஜ் தின்னல. நான்தான் வேகவெச்சுட்டேன்."

எப்போதும் உருக்கிய அகார் உள்ள குழாயை மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, சூடு தாங்கினால்தான் பாக்டீரியாவைச் சேர்ப்பாள். அன்று அவசரத்தில் பார்க்கவில்லை. பாக்டீரியா வெந்து போயிருந்தது. ஒரு நாள் வீண்.

"சரி விடுங்க, யாருக்குத் தெரியப் போகுது. திரும்பப் போட்டாப் போச்சு" என்றார் டாக்டரம்மா.

"எழுதிட்டுத்தான் போடுவேன்." 'அகார் சூடு. தவறு என்னுடையது' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு ஒவ்வொரு குழாயையும் மணிக்கட்டில் வைத்துப் பார்த்து ஊற்றினாள்.

மூன்றாம் நாள் காலை, வெண்படலத்தில் ஏழு வட்டங்கள். டாக்டரம்மா அவளை அப்படியே கட்டிக்கொண்டார்.

"கையைக் கழுவிட்டுக் கட்டிப்பிடிங்கம்மா" என்றாள் அக்கா.

ஏழில் வேகமாகக் கொல்லும் ஒன்றைப் பிரித்து, பெருக்கி, சுத்திகரித்து, உரிய அனுமதியோடு ஒன்பதாம் நாள் புண்ணில் விட்டார்கள். ஆன்டிபயாடிக்கும் தொடர்ந்தது. மறுநாள் காய்ச்சல் தணிந்தது. சர்ஜன் கத்தியைத் தள்ளிவைத்தார். ஒரு வாரத்தில் சீழ் நின்றது.

நான்கு மாதம் கழித்து, கைத்தடியோடு தபால்காரர் மாடியேறி வந்தார்.

"எனக்குப் போட்ட மருந்து எந்த நாட்டுச் சரக்கும்மா?"

"நீங்க படுத்திருந்த வார்டுக்குப் பின்னாடி சாக்கடை."

அவர் குரலைத் தாழ்த்தினார். "வீட்ல சொல்லிடாதீங்க தாயி, உள்ளயே விடமாட்டா."

கூடமே சிரித்தது. அவர் இரண்டு கால்களாலும் படியிறங்கிப் போவதை, கடைசிப் படி வரைக்கும் அக்கா நின்று பார்த்தாள்.