கவசத்துக்குத் தெரிந்த கை

என் பஞ்சர் கடையில் வேலை செய்யும் அண்ணனுக்குத் தெருவில் ‘ஆமை’ என்று பெயர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவர் போரிலிருந்து கவசத்தோடு திரும்பியவர். அது உயிருள்ள கவசம். கழுத்துக்குக் கீழே விரல் நுனி வரை தோலோடு தோலாக ஒட்டி வளர்ந்துவிட்டது. உரித்தால் ஆளும் போய்விடுவார் என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஜாக்கி இல்லாமல் வண்டியைத் தூக்குவார். எனக்கு லாபம்தான், பொய் சொல்வானேன்.

அவர்கள் படையில் ஒருவன் செத்தால் அவன் கவசத்தைப் புதைக்கமாட்டார்கள். சூடு ஆறுவதற்குள் அடுத்தவனுக்கு மாட்டிவிடுவார்கள். இவருக்கு வந்தது பக்கத்தில் விழுந்த சிநேகிதனுடையது. பழகாத கை பட்டால் அது எதிரியென்று இறுகிவிடும். கட்டிய மனைவியின் கையும் அதற்குப் பழகாத கைதான். அண்ணி தினமும் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் முதுகைத் தொட்டுப் பார்ப்பார். காற்றடித்த டயர் மாதிரி விறைத்துக்கொள்ளும். “பழகிடும்” என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அந்தச் சிநேகிதனின் மனைவி கடையைத் தேடி வந்தாள். ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? கையிலிருந்த ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு அண்ணன் முதுகைக் காட்டி நின்றார். அவள் பிடரிக்குக் கீழே உள்ளங்கையை வைத்து மெதுவாகக் கீழே இறக்கினாள். கவசம் வெண்ணெயாய் இளகியது. அண்ணனின் உடம்பு திரும்பியது. கை தானாக எழுந்து அவள் காதோர முடியை ஒதுக்கிவிட்டது.

வாசலில் அண்ணி டிபன் கேரியரோடு நின்றிருந்தார்.

வந்தவள் அழுதுகொண்டே போய்விட்டாள். அண்ணன் கூனிக்குறுகி, தரையைப் பார்த்தபடி, “நான் செய்யல” என்றார்.

“தெரியும். திரும்பி நில்லுங்க.”

அவள் வைத்த இடத்திலேயே, அவள் இறக்கிய மாதிரியே அண்ணியும் கையை இறக்கினார். எனக்கே உடம்பு கூசியது; ஆனாலும் பார்த்தேன். கவசம் இளகியது. அதே கை எழுந்து அண்ணியின் முடியையும் ஒதுக்கியது.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒருநாள்கூட நீங்க இப்படிச் செஞ்சதில்ல” என்றார். குறையாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னார்.

அண்ணன் முகம் செத்துவிட்டது. கையை இறக்கப் பார்த்தார். அது இறங்கவில்லை.