முந்திரிக்கொட்டையின் ஆய்வேடு

அந்த மருத்துவமனையில் 'விசாரணை' என்று பலகை தொங்கும் மேஜைக்குப் பின்னால் இருபத்து நான்கு வருடமாக உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்கு, கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொண்டதில்லை. வாசலில் நுழைகிறவர் ஒரு கையால் மற்றக் கையைத் தாங்கிக்கொண்டு வந்தால், அவர் வாயைத் திறப்பதற்குள் "எக்ஸ்ரே, நேரா போய் இடது பக்கம்" என்று சொல்லி முடித்திருப்பார். பூங்கொத்தோடு பல்லெல்லாம் தெரிய வந்தால் பிரசவ வார்டு, இரண்டாவது மாடி. கையில் எதையோ மறைத்துக்கொண்டு வெட்கத்தோடு வந்தால் பரிசோதனைக் கூடம், கீழ்த்தளம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை சரியாகத்தான் இருக்கும். மீதி ஐந்து பேர் எங்கே போய் நின்று முழித்தார்கள் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு மூலை உண்டு. பார்வையாளர்கள் மறந்துவிட்டுப் போன குடைகள், மஃப்ளர்கள், ஒற்றைச் செருப்பு எல்லாம் அங்கேதான் கிடக்கும். யாராவது தேடி வந்தால் அவர்கள் கேட்கும் முன்பே சரியான குடையை எடுத்து நீட்டுவார்.

அவருடைய கல்யாணமே அந்த மேஜையில்தான் முடிவானது. லிஃப்ட் பழுதுபார்க்க மாதம் ஒருமுறை வரும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், ஆனால் அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், அது முடிவதற்குள் அவர் சரிசெய்த லிஃப்ட் மூன்று மாடி ஏறி இறங்கிவிடும். மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் வேலையை முடித்துவிட்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்... தப்பா நினைக்கலைன்னா..." என்று இழுத்தார்.

"கல்யாணம்தானே? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க, அப்பாகிட்ட பேசிக்கலாம்" என்றார் நம் அம்மாள். அந்த மனிதர் நாலு மாதமாகத் தன்னையே பார்த்துக்கொண்டு போவது அவருக்குத் தெரியாதா என்ன? மெக்கானிக் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தார். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கதையை விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாகிவிட்டது. கணவர் நடுவில் எப்போதாவது "அன்னைக்கு நான்..." என்று ஆரம்பிப்பார். "ஆமா, வேர்த்து விறுவிறுத்து நின்னீங்க" என்று மனைவியே முடித்து வைப்பார்.

மகள் படிப்புக்காக வேறு ஊருக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்றிருந்தது. நாற்பத்து மூன்றாவது வயதில், வார இறுதியில் நடக்கும் ஆங்கில மொழியியல் முதுகலை வகுப்பில் போய்ச் சேர்ந்தார். ஆங்கிலத்தின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். மருத்துவமனைப் படிவங்களிலும், வெளிநாட்டு நோயாளிகளின் வாயிலிருந்தும் அவராகப் பொறுக்கிச் சேர்த்த ஆங்கிலம் அது. ஒலிப்பு, சொல்லாக்கம், தொடரியல் என்று பாடங்களையெல்லாம் ஒரே மூச்சில் முடித்தார். ஆய்வேடு மட்டும் இழுத்துக்கொண்டே போனது. இரண்டு தடவை தவணை வாங்கியாகிவிட்டது. இந்த மே மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, அத்தனை வருடப் படிப்பும் வீண். மூன்றாவது தவணை கிடையாது.

ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் என்னவோ நல்ல பொருள்தான். வயது வந்த பிறகு ஆங்கிலம் கற்கிறவர்கள் பேச்சின் நடுவில் சொல் கிடைக்காமல் நிற்கும்போது என்ன செய்கிறார்கள்? கையைக் காட்டுகிறார்களா, வேறு சொல்லால் சுற்றி வளைக்கிறார்களா, இல்லை பேச்சையே விட்டுவிடுகிறார்களா? மருத்துவமனைச் சலவைப் பிரிவில் ஏழு பேர் வார்டு வேலைக்கு மாற ஆசைப்பட்டார்கள். அதற்குப் பத்து நிமிடமாவது ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டும். மதிய இடைவேளையில், போர்வைகளும் தலையணை உறைகளும் கூரை வரை அடுக்கியிருக்கும் அறையில் அவர்களுக்கு வகுப்பு எடுத்தார். தலையணைக் குவியலின் மேல் போனை வைத்துப் பேச்சைப் பதிவு செய்தார். விடியற்காலையில் எழுந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்டதையெல்லாம் எழுத்தில் இறக்கினார். ஒரு விநாடி மௌனத்துக்கு ஒரு புள்ளி. இப்படிப் பதினோரு மணி நேரப் பேச்சு, இருநூற்று அறுபது பக்கம்.

வழிகாட்டி அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். இவர் அவளை மேடம் என்பார், அவள் இவரை அக்கா என்பாள். இருநூற்று அறுபது பக்கத்தையும் வாங்கி வைத்துப் படித்துவிட்டு, மார்ச் மாதம் கூப்பிட்டு அனுப்பினாள்.

"அக்கா, எழுதினது ரொம்ப சுத்தமா இருக்கு. ஆனா இதுல அவங்க எங்க?"

"யாரு மேடம்?"

"சலவைக்காரங்க. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நீங்கதான் பேசுறீங்க. அவங்க ஒரு சொல்லுக்காக நிக்குறாங்க, உடனே நீங்க எடுத்துக் குடுத்துடறீங்க. அவங்க 'யெஸ்'ங்குறாங்க. தடுமாறினா என்ன பண்றாங்கன்னு பாக்கத்தானே ஆராய்ச்சி? தடுமாறவே விடலையே நீங்க."

அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்களை நான் வேடிக்கை பாத்துட்டு இருக்கணுமா?"

"வேடிக்கை பாக்குறதுதான் அக்கா ஆராய்ச்சி" என்றாள் வழிகாட்டி.

பஸ்ஸில் வரும்போது அம்மாள் வழிகாட்டியை மனசுக்குள் வறுத்தெடுத்தார். நேற்றுப் பிறந்தவள், நாலு எழுத்து கூடப் படித்துவிட்டால் இந்த மிதப்பு. ஆனால் நியாயமான மனுஷி, பொய் சொல்லிக்கொள்ளத் தெரியாது. மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து எண்ணினார். ஏழு பேரும் சொல்லுக்காக நின்ற இடங்கள் மொத்தம் அறுநூற்றுப் பதினொன்று. அதில் இரண்டு விநாடிக்குள் அவர் வாய் போட்ட இடங்கள் ஐந்நூற்று எழுபத்து நான்கு. மிச்சம் முப்பத்தேழில் மட்டும் காத்திருந்திருக்கிறார். அதையும் ஹெட்போனில் திரும்பக் கேட்டார். சிலதில் அவர் தும்மிக்கொண்டிருந்தார், சிலதில் யாரோ கதவைத் தட்டினார்கள், ஒன்பதில் அவர் வாயில் பிஸ்கட் இருந்தது.

வெட்கமாகத்தான் இருந்தது. கொஞ்சம் அழுதார். அழுது முடித்து முகத்தைக் கழுவும்போதுதான் அந்தப் பிஸ்கட் மறுபடியும் ஞாபகத்துக்கு வந்தது.

மறுநாள் மதியம் சலவைப் பிரிவுக்கு ஒரு தண்ணீர் பாட்டிலும் டம்ளரும் கொண்டு போனார். "இன்னையிலேர்ந்து நீங்க பேசுறப்ப நான் வாயில தண்ணி வச்சுக்கப் போறேன். பத்து விநாடி ஆகாம முழுங்க மாட்டேன்" என்றார். ஏழு பேரும் சிரித்தார்கள். உப்பிய கன்னத்தோடு டீச்சர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முதல் நாள் வகுப்பே நடக்கவில்லை.

இரண்டாம் நாள் இஸ்திரி போடும் அண்ணன் முறை. ஐம்பது வயது, பெரிய உடம்பு, சின்னக் குரல். தன் வேலையைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். முன்னால் எடுத்த பதிவுகளில் அவர் இதே விஷயத்தை ஐந்து தடவை பேசியிருந்தார். "என் வேலை..." என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து நிற்பார், அம்மாள் "டிஃபிகல்ட்" என்று எடுத்துக் கொடுப்பார், "யெஸ் யெஸ், டிஃபிகல்ட்" என்பார் அவர். அந்தச் சூட்டில், அந்த ஆவியில் நாள் முழுக்க நிற்கிறவருக்கு வேலை கஷ்டம் என்பதைத் தவிர வேறென்ன இருக்க முடியும்?

இப்போதும் "என் வேலை..." என்று சொல்லி நின்றார். தண்ணீரோடு அம்மாள் எண்ணினார். மூன்று, நான்கு. டிஃபிகல்ட் என்ற சொல் தொண்டை வரை வந்து தண்ணீரில் முட்டிக்கொண்டு நின்றது. ஆறு, ஏழு. இஸ்திரி அண்ணன் கூரையைப் பார்த்தார், கையைப் பார்த்தார். எட்டாவது விநாடியில் வாயைத் திறந்தார். தன் வேலை அமைதியானது என்று ஆங்கிலத்தில் சொன்னார். வீட்டில் ஒன்பது பேர், எல்லாரும் பேசுகிறார்கள், இங்கே தானும் துணியும் மட்டும்தான், இது தனக்குப் பிடிக்கும் என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு போர்வையை மடித்து வைத்துவிடலாம், அவ்வளவு நேரம் எடுத்தது. சொல்லி முடித்ததும் அவருக்கே ஆச்சரியம்.

அம்மாள் தண்ணீரை விழுங்கினார். "அண்ணே, அப்ப ஏன் அஞ்சு தடவையும் டிஃபிகல்ட்னு சொன்னீங்க?"

"நீங்க சொன்னீங்களே டீச்சர். ஆசையா சொல்றாங்க, எதுக்கு மறுக்கணும்னு விட்டுட்டேன்."

அந்தப் பதில் அம்மாளை உலுக்கிவிட்டது. சொல்லைத்தான் எடுத்துக் கொடுத்தோம் என்று நினைத்திருந்தார். அந்த மனிதர் மனசில் இல்லாததையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.

அதன் பிறகு ஆய்வேடு தானாக நடந்தது. பழைய பதிவுகளை அவர் தூக்கிப் போடவில்லை. முதல் பாதி உதவுகிறவரின் அவசரம், இரண்டாம் பாதி காத்திருந்தபோது நடந்தது. தான் செய்த தவறை ஐந்நூற்று எழுபத்து நான்கு என்ற எண்ணோடு அப்படியே எழுதினார். காத்திருந்தபோது பாதிக்கு மேற்பட்ட இடங்களில் அவர்களே சொல்லைக் கண்டுபிடித்திருந்தார்கள், அநேகமாக ஆறாவது ஏழாவது விநாடியில். எல்லாரும் பேசிவிடவில்லை. உலர்த்தும் எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் பத்து விநாடியும் சிரித்துக்கொண்டே இருந்தாள், அதையும் எழுதினார். வழிகாட்டி படித்துவிட்டு, "இதுதான் அக்கா" என்றாள். வேறெதுவும் திருத்தவில்லை.

விசாரணை மேஜையிலும் ஒரு பாட்டில் வந்து உட்கார்ந்தது. எக்ஸ்ரேக்கு அனுப்ப இருந்த ஒருவர் கை வலிக்கு வரவில்லை, கை முறிந்த தம்பியைப் பார்க்க வந்திருக்கிறார் என்பது அந்த வாரம்தான் தெரிந்தது. வரிசை கொஞ்சம் நீண்டது, யாரும் சண்டைக்கு வரவில்லை.

மே மாதம் இருபத்தொன்பதாம் தேதி, மூன்று பிரதிகளைக் கட்டு போட்டு எடுத்துக்கொண்டு கணவரும் மனைவியும் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனார்கள். குமாஸ்தா முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். அவ்வளவுதான், முடிந்தது. வெளியே வந்தால் மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடை இல்லை. இருவரும் வாசல் படியில் ஒதுங்கி நின்றார்கள். அம்மாளுக்கு அந்த மழையும் பிடித்திருந்தது, ரசீதும் பிடித்திருந்தது.

கணவர் மழையைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு நான்..." என்றார்.

வேர்த்து விறுவிறுத்து நின்னீங்க என்ற வாக்கியம் அம்மாளின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கையில் தண்ணீர் இல்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி. கணவர் திரும்பிப் பார்த்தார், மனைவி ஒன்றும் சொல்லாததில் அவருக்கே கொஞ்சம் கலக்கம். ஆறு புள்ளி, ஏழு புள்ளி.

"அன்னைக்கு நான் கல்யாணத்தைப் பத்திக் கேக்க வரல" என்றார். "மழை பெஞ்சுது. உன் பின்னாடி நிறைய குடை இருந்துச்சு. ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன்."

இருபத்திரண்டு வருடம் அம்மாளின் கண் முன்னால் ஒருமுறை ஓடி நின்றது. கேட்க வேண்டியது ஆயிரம் இருந்தது. ஒன்றையும் கேட்கவில்லை. கணவரின் முகத்தில் அவர் இன்னும் முடிக்கவில்லை என்று தெரிந்தது, அதனால் காத்திருந்தார். பத்துப் புள்ளி தாண்டிவிட்டது, பிறகு எண்ணுவதையும் விட்டுவிட்டார்.

"கல்யாணத்தைக் கேக்க எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஆகியிருக்கும்" என்றார் கணவர். "அன்னைக்கு வீடு வரைக்கும் நனைஞ்சுக்கிட்டேதான் போனேன். வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே போனேன்."