மூன்று மோட்டார்கள் நின்ற மாலை

எங்கள் மாடியில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் குடியிருக்கிறார். தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. போன ஞாயிற்றுக்கிழமை இடுப்பு உயரத்தில் இரண்டு பாட்டுப் பெட்டிகள் வாங்கிவந்து, அதற்கென்று தனி ஒயர் இழுத்து, எர்த்துக்குத் தனிக் குழியும் தோண்டிக்கொண்டிருந்தார். “கரண்டு சுத்தமா இருந்தாத்தான் ஐயா சத்தம் சுத்தமா இருக்கும்” என்றார். குழியில் கொட்டிய கரியின் ஈர வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பழைய ரேடியோ ஒன்று ஞாபகம் வந்தது. “ரெண்டு வைத்தியம் சேத்துப் பண்ணாதீங்க, ஏதாவது ஒண்ணு மட்டும் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கிழவன் உளறுகிறான் என்று நினைத்திருப்பார். உங்களிடமாவது விளக்கிப் பார்க்கிறேன். எனக்கே இன்னும் முழுசாக விளங்கவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் பிற்பாதி. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஓடிய பஸ் ஒன்றில் நான் கண்டக்டர். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கண்டக்டர் பையில் காற்று புகுந்தாலும் கவலைப்படுகிற பிறவி. கல்யாணமான வருஷம் பெங்களூரில் பழைய வால்வு ரேடியோ ஒன்று வாங்கினேன். போட்டால் வால்வு சூடேறி, தூசி வறுபடுகிற மணம் வரும், பிறகுதான் பேசும். ஓசூருக்கு வெளியே, கரண்டுக் கம்பி முடிகிற இடத்தில் எங்கள் வீடு. எங்களுக்கு முன்னால் மூன்று கிணறுகள், மூன்றிலும் புது மோட்டார். சாயங்காலம் மூன்றும் ஓட ஆரம்பித்தால் எங்கள் பல்பு செம்பருத்திப் பூ மாதிரி சிவந்துபோகும். ரேடியோ, காய்ச்சல்காரன் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி முனகும்.

முனகட்டும் என்று விட்டிருப்பேன். அப்போதுதான் என் மனைவி ரத்னாவுக்கு அவள் தம்பி மணியிடமிருந்து கார்டு வந்தது. தாயில்லாத அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் இவள். கிளாரினெட் ஊதுகிறேன் என்று கிளம்பியவனை, “பீப்பீ ஊதறவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது” என்று அவர்கள் அப்பா விரட்டிவிட்டார். பெங்களூரில் கல்யாண பேண்டில் வாசித்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு ரேடியோவில் தனியாகக் கால் மணி நேரம் வாசிக்கப்போகிறான் என்று கார்டில் இருந்தது. ரத்னா அதை நாலு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு ரேடியோவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஏங்க, அன்னிக்காவது இது ஒழுங்கா பேசுமா?”

கரண்டைத் தூக்கிவிடுகிற பெட்டி ஒன்று கடையில் உண்டு. அது எங்களுக்கு எட்டாது. எனவே பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் யோசனை கேட்டேன். குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போன மாட்டு வியாபாரி, “எர்த்துக் குழியில கரியும் உப்பும் போட்டு தண்ணி ஊத்துப்பா” என்றார். போட்டேன். ரத்னா தினமும் இரண்டு குடம் ஊற்றினாள். இரைச்சல் குறைந்த மாதிரியும் இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது. ஏரியல் கம்பியை உயர்த்து என்றார் ஒருவர். இறக்கு என்றார் இன்னொருவர். இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருந்த ரேடியோ மெக்கானிக் பாயிடம் பெட்டியைத் தூக்கிப்போனேன். ரேடியோவின் முதுகில் ஒரு சின்னச் சொருகி இருந்தது. எந்த அளவு கரண்டுக்கு எந்தத் துளை என்று எழுதியிருந்தது. பாய் அதைப் பிடுங்கிக் கீழ்த் துளையில் சொருகினார்.

“கம்மி கரண்டுல நல்லா பேசும். கரண்டு ஏறுச்சுன்னா மறுபடி மேல மாத்திடு, ஆமா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் கரண்டு என்றைக்கு ஏறியது?

அன்று சாயங்காலம் ரேடியோ கணீரென்று பேசியது. ரத்னா கை தட்டினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூன்றாவது மோட்டார் ஓடத் தொடங்கியதும் சத்தம் ஒரு நூல் இறங்கியது. அது என் காதில் மாட்டிக்கொண்டது. இரண்டு நாள் தூக்கமில்லை. புதன்கிழமை காலை மூன்று கிணற்றுக்காரர்களையும் போய்ப் பார்த்து, மறுநாள் சாயங்காலம் மட்டும் மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். சின்னசாமியும் முனியப்பனும் உடனே சரி என்றார்கள். கன்னடம் பேசுகிற திம்மப்பா மட்டும் துண்டை உதறிக்கொண்டு, “ஏனு கண்டக்டரே, நம்ம ராகி காயணும், உங்க மச்சான் ஊதணுமா?” என்றார். “கால் மணி நேரம்தான்” என்றேன். “சரி வுடு. நிறுத்திட்டு நாங்களும் கேக்க வர்றோம்” என்று முதுகில் தட்டினார்.

வியாழக்கிழமை ஆறே காலுக்கு மூன்று பேரும் சேற்றுக் காலோடு வந்து உட்கார்ந்தார்கள். மோட்டார் சத்தமில்லாத அந்த அமைதியே எனக்குப் பயமாக இருந்தது. பல்பு என்றுமில்லாத வெள்ளையாக எரிந்தது. “பாத்தியா, உன் ஊடு கல்யாண ஊடாட்டம் கீது” என்றார் முனியப்பன். எனக்கும் பெருமைதான். ஆறரை. மணியின் பேரைச் சொன்னார்கள். ரத்னா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிளாரினெட் கிளம்பியது பாருங்கள், கூரை ஓடு அதிர்ந்தது. அப்படி ஒரு சத்தத்தை அந்தப் பெட்டி அதுவரை போட்டதில்லை. இரண்டு நிமிஷம் இருக்கும். பெட்டிக்குள் நீலமாக ஏதோ மின்னியது. ரப்பர் கருகுகிற நாற்றம். நிசப்தம்.

மூன்று மோட்டாரும் நின்றதில் கரண்டு ஏறியிருந்தது. சொருகி கீழ்த் துளையிலேயே இருந்தது. பாய் செய்ததும் சரி, நான் கேட்டதும் சரி, அவர்கள் நிறுத்தியதும் சரி. எல்லாம் சரியாக இருந்து எப்படித் தப்பாகப் போயிற்று என்று அன்று குழம்பியவன்தான், இன்னும் தெளியவில்லை.

ரத்னா அழவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. மூன்று பேருக்கும் காப்பி வைத்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் கிணற்று மோட்டார்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன.

பத்து நாள் கழித்து மணி வந்தான். திம்மப்பாவும் அவனைப் பார்க்க வந்திருந்தார். செருப்பைக் கழற்றும் முன்பே, “அக்கா, கேட்டியா?” என்றான்.

“முழுசா கேட்டேன்டா” என்றாள் ரத்னா, கண் இமைக்காமல்.

“கடைசியில வந்துச்சே, அது ஜோரு” என்று திம்மப்பா வேறு தலையை ஆட்டினார். மணியின் முகம் மலர்ந்ததை எழுத எனக்குத் தெரியாது. என் பக்கம் திரும்பி, “மாமா, நீங்க?” என்றான். “சத்தம் பிரமாதம் மச்சான்” என்றேன். அதுவரைக்கும் பொய்யில்லை.

அவள் யாருக்காக அப்படிச் சொன்னாள், தம்பிக்காகவா, எனக்காகவா என்று கேட்க நாற்பது வருஷம் தைரியம் வரவில்லை. இப்போது கேட்க அவளும் இல்லை. மணியை மறுபடி ரேடியோவில் கூப்பிடவில்லை. சின்ன வயசிலேயே போய்விட்டான். கிணறுகள் இருந்த இடத்தில் லாரி நிறுத்துகிறார்கள். அன்றைக்கு யாரும் எதையும் பதிந்து வைக்கவில்லை. அந்த மீதிப் பதின்மூன்று நிமிஷத்தை ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு வீட்டில், மணி யாரென்றே தெரியாத யாரோ கடைசிவரை கேட்டிருப்பார்கள். கேட்டுவிட்டு, பெட்டியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள்.