சப்பாத்தோடு வந்த பிள்ளை

லண்டன் மோர்டனில் வாடகைக்கு எடுத்த பள்ளிக் கட்டடம் ஒன்றில், சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் திருமுறைப் பண்ணிசை கற்பித்து வருகிறேன். பாடும் அறைக்குள் காலணியோடு வரலாகாது என்பது நான் வைத்த விதி. சப்பாத்துகளை நடைவழியில் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள்.

பிரான்சிலிருந்து குடிவந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் சப்பாத்துகள் மட்டும் அடிக்கடி காணாமற்போயின. ஒரு வாரம் குப்பைத் தொட்டியில் கிடந்தன. அடுத்த வாரம் கழிப்பறையில் நனைந்து கிடந்தன. எல்லாம் இடைவேளையில், நான் தேநீர் அருந்தப் போகும் கால்மணி நேரத்தில் நடந்தவை.

"பிரெஞ்சு ராணி வெறுங்காலோட வாறா, வழி விடுங்கோ!"

மூன்று சிறுமியர் சொல்லிச் சிரித்ததை நானே கேட்டேன். விளையாட்டென்று விட்டுவிட்டேன். அவள் அழுத பிறகே நால்வரையும் வகுப்பின் முன் நிறுத்தினேன்.

"எல்லாரும் ஒரே கோயில் பிள்ளையள். கைகுடுத்துச் சமாதானமாகுங்கோ."

கைகொடுத்தார்கள். நால்வரையும் சேர்ந்து ஒரு பதிகம் பாடவும் வைத்தேன். அருள் கூடிற்றென்று மகிழ்ந்து வீடு போனேன். தன்னை வருத்தியவர்களின் கையை எல்லோர் முன்னும் பிடிக்கச் செய்ததும் ஒரு வருத்தமே என்பது எனக்கு உறைக்கவில்லை. மறுவாரம் அவள் வரவில்லை.

தாய் தொலைபேசியில் சொன்னார்: "ஐயா, அவள் இனி வரமாட்டனெண்டு நிக்கிறாள். நீங்களும் அவையின்ர பக்கமாம்."

இத்தனை ஆண்டு கருணையைப் பாடிய நாவால்தான் அவளைக் கைகொடுக்கச் சொல்லியிருந்தேன்.

அதன்பின் மூவரையும் தனித்தனியே அழைத்து விசாரித்தேன். பெற்றோரையும் அவ்வாறே கண்டேன். ஒரு தந்தை சலித்துக்கொண்டார்.

"சின்னப் பிள்ளையளின்ர பகிடி, மாஸ்டர். இதைப் போய்ப் பெரிசாக்கிறியள்."

"பகிடியெண்டால் அவளும் சிரிச்சிருப்பாள், தம்பி."

இடைவேளைத் தேநீரை விட்டேன். முழங்கால் வலியோடு நடைவழியில் ஒரு கதிரை போட்டு இருந்தேன். இதை முதல் நாளே செய்திருக்கலாம். தாயிடமும் அதைச் சொல்லி, என் பிழையை மகளிடம் நானே ஒப்புக்கொள்ள வேண்டும், ஒருமுறை அவளை அழைத்து வாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

மூன்றாம் சனிக்கிழமை அவளை அழைத்து வந்தார். நடைவழியில் வைத்தே, "நான் செய்தது பிழை, பிள்ளை" என்றேன். அவள் அறை வாசல் வரை வந்து நின்றாள்.

"சப்பாத்துக் கழட்டமாட்டன்."

வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. என் வாழ்நாளில் எவரையும் காலணியோடு இறைவனைப் பாட விட்டதில்லை.

"கழட்ட வேண்டாம். வந்து இரு, பிள்ளை."

கதவோரத்தில் அமர்ந்தாள். அன்று அவள் வாய் திறக்கவில்லை. நானும் பாடச் சொல்லவில்லை.